கிரஷரில் பன்னிரண்டு ரம்புட்டான்

அந்த அம்மா வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். மற்றபடி எதைச் சொன்னாலும் சம்மதம்தான். அதுதான் அவரிடம் எனக்கு இருந்த பயம்.

நிழலில் உட்காருங்கள் மேடம் என்றால் உட்காருவார். புரோட்டா சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார். "அதுவும் நல்லதுதான்" என்பார். மறுத்துப் பேசுகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். சம்மதிக்கிறவர்களை என்ன செய்வது? இப்படித் தலையாட்டியே ஐந்து வருஷம் என்னை ஆட்டி வைத்தார்.

பெயர் சொல்லப் போவதில்லை. அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தாள்கள் ஏதோ ஓர் அலமாரியில் இன்னும் இருக்கும். அதைப் போய்க் கிளறுவானேன்.

நான் அப்போது ஒரு கிரஷரில் மேனேஜர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பாறையை உடைத்து ஜல்லியாகவும் மணலாகவும் பொடித்து டிப்பரில் ஏற்றுவோம். பொடித்ததில் பாதி டிப்பரில் போகும், மீதி காற்றில் போகும் என்று கேலி செய்வார்கள். காற்றில் போனது போய்ச் சேருகிற இடம் கிழக்கே இருந்த ஒரு தெரு. அங்கே துணி காயப்போடுகிற பெண்கள் எங்கள் முதலாளியின் ஏழு தலைமுறையையும் நாள் தவறாமல் விசாரித்தார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து, எங்கள் காற்றில் எவ்வளவு தூசி என்று அளந்து, அரசு அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வரம்புக்குள் இருந்தால் அனுமதி. இது பற்றி முதலாளி என்னிடம் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"அளவு தாண்டுச்சுன்னா கிரஷருக்குப் பூட்டு. கிரஷருக்குப் பூட்டுன்னா ஒமக்கு வீடு. பாத்துக்கிடும் வே."

எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பெண்கள் கல்லூரியில். பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். ஆகவே ஏமாற்றுவது என் வேலையில் ஒரு பகுதி ஆயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அளவெடுக்கச் சாரல் விழுகிற நாளாகப் பார்த்துக் கேட்பதுதான் எங்கள் பக்கத்து முதல் தந்திரம். சாரலில் தூசி தரையோடு படுத்துவிடும். குற்றாலத்துக்கு எது சீசனோ அதுதான் கிரஷர்காரர்களுக்கும் சீசன். முதல் வருஷம் அப்படி ஒரு நாளில்தான் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், ஐம்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். கண்ணாடி நழுவாமலிருக்க நூல் கட்டியிருந்தது. ஒரு கையில் மடக்கு ஸ்டூல், தோளில் பெரிய வயர்ச் சுருள். பின்னாலேயே ஆட்டோக்காரர் மெஷினை இறக்கினார். தலையில் சின்னக் கூரை வைத்த தகரப் பெட்டி அது. காற்றை உறிஞ்சி, தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடிக்கும். எட்டு மணி நேரம் ஓட வேண்டும். தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் தூசி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"எட்டு மணி நேரம் இங்கன எதுக்கு மேடம் உக்காந்திருக்கணும்? கார் இருக்கு. அருவியில நல்லா தண்ணி விழுது. குளிச்சிட்டு வாங்க. மெஷின நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"அதுவும் நல்லதுதான்" என்று கிளம்பிவிட்டார்.

கார் வளைவு திரும்பியதும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். கிரஷர் பாட்டுக்கு முழு வீச்சில் ஓடியது. அவர் வருகிற நேரம் பார்த்துத் திரும்பச் சொருகினேன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர், பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். அங்கே ஓடிய நேரத்தைக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர் இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

"மேனேஜர் சார், நான் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. மெஷின் பதினெட்டு நிமிஷந்தான் ஓடியிருக்கு. அதுவும் குளிக்கப் போயிருந்துச்சோ?"

"கரண்ட் போயிட்டு மேடம்."

"நான் வரும்போது கிரஷர் ஓடிக்கிட்டு இருந்துச்சே?"

"அது ஜெனரேட்டர்ல ஓடுச்சு."

"அதுவும் நல்லதுதான். அம்புட்டுப் பெரிய ஜெனரேட்டர் வச்சிருக்கீய, மெஷினுக்கும் அதுலருந்தே ஒரு கனெக்ஷன் குடுத்திருங்க. நாளைக்கு வந்து முதல்லருந்து ஓட்டுதேன்."

எங்களிடம் ஜெனரேட்டரே கிடையாது. அன்று சாயங்காலம் தென்காசி முழுக்க அலைந்து வாடகைக்கு ஒன்று பிடித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மறுநாள் வேறு தந்திரம். மேற்குப் பக்கம் கீற்றுப் பந்தல் போட்டு, நாற்காலி, ஃபேன், பிளக் பாயின்ட் எல்லாம் வைத்திருந்தேன். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் மேல்காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது எங்கள் தூசி எம்மாத்திரம். அத்தனையும் கிழக்கே போய்விடும். மேற்கே மெஷினை வைத்தால் அது மலைக்காற்றை அளந்து, குற்றாலத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகும்.

"மேடம், உங்களுக்காகவே நிழல் போட்டிருக்கேன்."

"அதுவும் நல்லதுதான்" என்று வந்து உட்கார்ந்தார். ஃபேனைப் போட்டுக்கொண்டார். நன்னாரி சர்பத்தை வாங்கிக் குடித்தார். பிறகு வயர்ச் சுருளைப் பிரித்து ஒரு முனையை எங்கள் பிளக்கில் சொருகி, மறு முனையை இழுத்துக்கொண்டே கிழக்கு வேலி வரை நடந்து, மெஷினை அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் இங்கன இருக்கேன், அது அங்கன இருக்கட்டும். அதுக்கு நிழல் ஒத்துக்கிடாது."

நூறு மீட்டர் வயர்.

மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவர் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூடை. போகும்போது அங்கே வேலை செய்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார். எங்கள் கிரஷரில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகள் சிலர் அவர் பின்னிய கூடையில்தான் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கூடை பின்னும்போது கண் கூடையில் இருக்கிறதென்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தண்ணீர் லாரி அரை மணிக்கு ஒருமுறை வந்து பாதையை நனைத்துவிட்டுப் போனதை அவர் தலை நிமிராமலே எண்ணியிருந்தார். அன்றைக்கு மட்டும் நான் ஏற்பாடு செய்த லாரி அது.

சாயங்காலம் வெள்ளைத் தாளை எடுக்கிற சடங்கு. சிறு இடுக்கியால் தாளின் ஓரத்தைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லத் தூக்கி உறைக்குள் வைப்பார். மூச்சு பட்டால் தூசி பறந்து எடை குறைந்துவிடுமாம். அவரைப் பார்த்துச் சுற்றி நிற்கிற நாங்களும் மூச்சை அடக்கிக்கொள்வோம். எங்களைப் பொறுத்தவரை ஊதிவிட்டால் தேவலை, இருந்தும் அடக்கிக்கொண்டோம்.

அதன் பிறகு ஒரு படிவத்தை விரித்தார். கடைசியில் ஒரு கட்டம்: தூசியைக் கட்டுப்படுத்த நிறுவனத்தில் காணப்பட்ட ஏற்பாடுகள். அவர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். ஜெனரேட்டர் உள்ளது. பாதையில் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்கப்படுகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன்.

தூசி வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. ஆனாலும் பூட்டு வரவில்லை. கடிதம்தான் வந்தது. நிறுவனம் நல்ல ஏற்பாடுகள் செய்திருப்பதால் ஒரு வருஷம் அவகாசம் தரப்படுகிறது, தாங்கள் கையெழுத்திட்டு உறுதி செய்த ஏற்பாடுகள் தினமும் தொடர வேண்டும், எந்த நாளிலும் வந்து பார்ப்போம் என்று இருந்தது. வந்தும் பார்த்தார்கள்.

"தெனமும் தண்ணி தெளிக்கணுமா? அரை மணிக்கு ஒருக்கயா? யாருவே இதுல கையெழுத்துப் போட்டது?" என்று முதலாளி கேட்டார்.

லாரி சொந்தமாக வாங்க வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரும்தான்.

பட்டும் புத்தி வந்ததா? அடுத்த வருஷம் மரம் காட்டினேன். குற்றாலம் போகிற வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் நாற்பத்தெட்டு மரக்கன்றுகளை ஒரு நாள் வாடகைக்குப் பேசி, பையோடு குழியில் இறக்கி மண்ணைப் போட்டு மூடினோம். பண்ணைக்காரரிடம் வேம்பும் புங்கையும் போதவில்லை. என்னிடம் சொல்லாமல் குறைந்த பன்னிரண்டுக்கு ரம்புட்டான் ஒட்டுக்கன்றுகளை ஏற்றிவிட்டிருந்தார். சீசன் பழம், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தாராம்.

அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செடியைக் கண்டாலும் இலையில் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்ப்பார். வரிசையாக அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது ரம்புட்டான்லா?"

"ஆமா மேடம். முதலாளிக்கு அதுன்னா உசிரு."

"அதுவும் நல்லதுதான். பழம் பூரா மயிர் மயிரா இருக்கும். தூசி நல்லாத் தங்கும். நாளைக்கு மெஷினே வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு எழுதினார். வேம்பு இருபது, புங்கை பதினாறு, ரம்புட்டான் பன்னிரண்டு. நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதமே ஓர் அதிகாரி படிவத்தின் நகலோடு வந்து எண்ணினார். "மத்ததெல்லாம் சரி, ரம்புட்டான் எங்கே?" என்றார். அவர் வருகிறார் என்று தெரிந்து வேம்பையும் புங்கையையும் மட்டும் அவசரமாக வாங்கி நட்டிருந்தேன். கிரஷரில் ரம்புட்டானை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தது என் தப்பு. பன்னிரண்டும் வாங்கி நட்டோம். பட்டுப்போகப் பட்டுப்போகத் திரும்ப வாங்கினோம். தண்ணீர்த் தொட்டி கசிகிற இடத்தில், கிழக்கு வேலி ஓரமாக ஒன்று மட்டும் பிடிவாதமாகப் பிழைத்தது.

மூன்றாம் வருஷம், கல்லைச் சுமந்து போகிற கன்வேயர் பெல்ட்டை மூடிக் காட்டலாம் என்று கல்யாணப் பந்தல்காரரிடம் துணி வாங்கிச் சுற்றினேன். ரோஸ் கலரும் மஞ்சளும். கிரஷருக்கு நிச்சயதார்த்தம் மாதிரி இருந்தது. "கன்வேயர் முழுவதும் மூடப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு, அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முகூர்த்தம் எப்போ?"

அப்போதுதான் மேனேஜர் சார் போய் அண்ணாச்சி ஆகியிருந்தேன். மாதம் முடிவதற்குள் பந்தல் துணி இருந்த இடத்தில் தகரம் ஏறியது. நாலாம் வருஷம் புதிதாக ஏமாற்ற எனக்கு நேரமே இல்லை. பழைய பொய்களைப் பராமரிக்கவே பொழுது சரியாக இருந்தது. லாரிக்கு டிரைவர், மரத்துக்கு ஆள், தகரத்துக்கு பெயின்ட். தூசியின் அளவு வருஷத்துக்கு வருஷம் குறைந்தாலும் இன்னும் வரம்புக்கு மேலேதான் இருந்தது. ஏற்பாடுகளைப் பார்த்து வருஷா வருஷம் அவகாசம் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் நான் அவரிடம் கேட்டே விட்டேன். "மேடம், நான் காட்டுததெல்லாம் பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும்லா. ஒரு தடவயாவது என்னய ஏசியிருக்கலாம்லா?"

கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அளக்குதவ சண்ட போட்டா அளவு கோணிரும் அண்ணாச்சி. நீங்க காட்டுதீய, நான் எழுதுதேன். பொறவு அத மெய்யாக்குதது ஒங்க பாடு."

ஐந்தாம் வருஷம் கிழக்குத் தெருக்காரர்கள் கூட்டமாகப் போய் மனு கொடுத்தார்கள். இதுதான் கடைசி அவகாசம், இந்த முறை தாண்டினால் மூட வேண்டும் என்று கடிதம் வந்தது. போதாக்குறைக்கு அந்த வருஷம் சாரல் எங்களை ஏமாற்றியது. அருவியில் நூல் மாதிரி தண்ணீர். மேல்காற்று மட்டும் வெறும் வறட்டுக் காற்றாக வந்து அடித்தது. அதைவிட மோசமான நாள் ஒரு கிரஷருக்குக் கிடையாது.

காலையிலேயே முதலாளி போன் செய்தார். "கன்வேயர வெறுமன ஓட்டும். கல்லு போடாதேயும். அந்த அம்மாவுக்குச் சத்தம் கேட்டாப் போதும். இது தப்புனா நாளைக்கு நீரு வர வேண்டாம்."

அப்படியே ஓட்டினேன். அந்த அம்மா வந்தார். வயரை இழுத்துக்கொண்டு கிழக்கே போனார். மெஷினைப் போடப்போனவர் கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கன்வேயருக்கு வயிறு காலியோ? சத்தம் வேற மாதிரி வருது."

"அது புது பேரிங் மேடம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேலே பொய் வரவில்லை. "முதலாளி சொல்லிட்டாரு" என்றேன்.

"அதுவும் நல்லதுதான்." படிவத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். "கல் போடாமல் கன்வேயர் ஓட்டப்படுகிறது. இப்படி எழுதிருதேன். நல்ல ஏற்பாடு, தூசியே வராது. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, பொறவு வருசம் பூரா கல்லு போடாமத்தான் ஓட்டணும். முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. கல் போட்டு அளவு தாண்டினால் வேலை போய்விடும். போடாவிட்டால் இவர் எழுதிவிடுவார், அப்போதும் போய்விடும்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அஞ்சு வருசமா என்னென்னமோ காட்டுனீய. எல்லாம் இப்ப நெசமாவே நிக்கு. ஒரு நாள் ஒண்ணும் காட்டாமத்தான் இருந்து பாருங்களேன்."

போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டேன். ஆபரேட்டரைப் பார்த்துக் கையசைத்தேன். கல் விழத் தொடங்கியது.

அன்று நானும் கிழக்கே போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரி வந்தது, போனது. மரங்கள் ஆள் உயரத்துக்கு மேலே நின்றன. தகரத்தை மீறியும் கொஞ்சம் தூசி கிளம்பத்தான் செய்தது. ஒவ்வொரு முறை கிளம்பியபோதும் எனக்கு என் பெண்களின் முகம் ஞாபகம் வந்தது. மத்தியானம் தொட்டி ஓரத்து ரம்புட்டான் அவர் கண்ணில் பட்டது. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது, மொத்தம் ஏழு பழம். எட்டி ஒன்றைப் பறித்தார்.

"குடுங்க மேடம், கழுவித் தாரேன்."

"வேண்டாம்" என்றார்.

அப்படியே வாயில் வைத்து, மயிரோடு தோலைப் பல்லால் கடித்துப் பிளந்தார். கொஞ்ச நேரம் மென்றார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. கொட்டையைத் துப்பிவிட்டு, "பல்லுல மண்ணு கடிக்கல" என்றார்.

சாயங்காலம் தாளை எடுக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்து, பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். அன்றைக்கென்று நான் எதையும் காட்டவில்லையே. "புதிதாக ஏதும் காட்டப்படவில்லை" என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் நான் பொய் இல்லாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். வயர்ச் சுருளை என் மேஜை மேல் வைத்தார்.

"அடுத்த வருசம் வர மாட்டேன் அண்ணாச்சி. ரிட்டையர் ஆகுதேன். இது இங்கனயே கெடக்கட்டும்."

பத்து நாளில் முடிவு வந்தது. வரம்புக்கு மயிரிழை உள்ளே. முதலாளி அறிக்கையை இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"ஆபரேட்டர் சொல்லுதான், அன்னைக்குப் பூரா கல்லு போட்டீராமே. சாரலும் இல்ல. என்னவே பண்ணுனீரு? எப்படி ஏமாத்துனீரு?"

"ஏமாத்தல முதலாளி" என்றேன். அவர் நம்பவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கிழக்குத் தெருவிலும் அதையேதான் சொன்னார்கள், வேறு வார்த்தைகளில்.

அடுத்த வருஷம் புது ஆள் வந்தார். என் வயது இருக்கும். மெஷினை இறக்கியதும் நேராக மேற்குப் பந்தலுக்குப் போய், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பிளக்கிலேயே சொருகப் போனார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். முதலாளிக்கு அதுதான் லாபம். என் கால் என்னைக் கேட்காமல் மேஜைக்குப் போயிற்று. வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"சார், இங்கன வச்சா வெறும் மலைக்காத்துதான் வரும். மெஷின அந்தா, கிழக்க வேலிகிட்ட வைங்க. நான் வயர இழுத்துத் தாரேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பெயர் திருநெல்வேலி வரைக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"கிழக்க என்னவே பண்ணி வச்சிருக்கீரு?" என்றார்.

"அதுவும் நல்ல கேள்விதான்" என்றேன். "வந்து பாத்து எழுதிக்கிடுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."